காற்றும் சோறும் கஷாயமும்

(சிறுசேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தம் தாயாரின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கும் குடும்பத்தார், பிடிவாதமான தொற்றுகளுக்கு இயற்கை வழி மருத்துவம் என்ற பொருளில் பேச என்னை அழைத்தார்கள். நான் டாக்டர் இல்லை, சித்த வைத்தியரும் இல்லை. மருந்தாளுநர். தாம்பரத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவே இருக்கும் சுகாதார நிலையங்களில் முப்பத்தொரு வருஷம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவள். காசநோய் மாத்திரை வாங்க வருகிறவர்கள் அதோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறார்கள் என்பதை டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். என்னிடம் சொல்வார்கள். இந்தப் பொருளில் பேச எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

பிடிவாதமான தொற்று என்றால் பலதும் உண்டு. நான் காசநோயை எடுத்துக்கொள்கிறேன். அதைவிடப் பிடிவாதமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதற்கு இயற்கை மருத்துவம் செய்து பார்த்த வரலாறு நம் பக்கத்திலேயே, ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டினால் தாம்பரம் சானடோரியம். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் "சானடோரியத்துல இறங்கணும்" என்று சொல்லி இறங்குகிறார்கள். அது ஒரு ஊரின் பெயர் என்றுதான் என் பிள்ளைகளும் நினைத்திருந்தார்கள். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு ஆகிய நான்கையும் மருந்தாகக் கொடுத்த இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர்.

அதைத் தொடங்கியவர் டேவிட் ஜேக்கப் ஆரன் சவுரிமுத்து என்ற தமிழர். இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, அங்கேயே சாமர்செட் பகுதியில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது, 1917 வாக்கில், இவரிடம் சில காலம் சிகிச்சை பெற்றார். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. சானடோரிய முறைப்படி குளிர்காலத்திலும் ஜன்னலைச் சாத்தக் கூடாது. அந்தப் பிள்ளை எப்படிப் படுத்திருந்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ராமானுஜனுக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருக்கலாம் என்று 1990களில் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய மருத்துவக் குறிப்புகளை வைத்து எழுதினார். அப்படியானால் அந்தக் குளிர்காற்று அவருக்குத் தேவையே இல்லாத மருந்து. எந்தத் தொற்று என்று தெரியாமல் கொடுத்தால் இயற்கை மருந்தும் வீண்தான். ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். சேத்துப்பட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அங்கே வருவோம்.

சவுரிமுத்து ஊர் திரும்பி, தாம்பரத்துக்குப் பக்கத்தில் பச்சைமலை அடிவாரத்தில் 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கைகளோடு தம் சானடோரியத்தைத் திறந்தார். 1928 ஏப்ரல் மாதம். அதே வருஷம் செப்டம்பரில்தான் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் கண்ணாடித் தட்டில் படிந்த பூஞ்சையைக் கவனித்தார். ஒருவர் காற்றை நம்பி மருத்துவமனை கட்டிய வருஷத்திலேயே ஆன்டிபயாட்டிக் காலமும் பிறந்துவிட்டது. பிற்பாடு சானடோரியத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காற்றும் வெயிலும் வெறும் மூடநம்பிக்கையாகத் தொடங்கிய விஷயம் இல்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இல் கண்டுபிடித்தார். வெயில் பட்டால் அது சாகும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் தட்டில் சாகும் கிருமி நுரையீரலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது அங்கே வெயில் எட்டாது. இந்தத் தொற்று ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சாதாரணக் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும். மேலே மெழுகு பூசியது போன்ற தடித்த தோல். வேண்டாதபோது பெருகாமல் உறங்கிக் கிடக்கும், வருஷக்கணக்கில் கிடக்கும். பெருகும் கிருமியைத்தான் பெரும்பாலான மருந்துகள் கொல்லும். உறங்குவதைக் கொல்ல, அது விழிக்கும்வரை மருந்து காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

இப்போது சேத்துப்பட்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். கேள்வி எளிமையானது. ஐசோநியாசிட், பாஸ் என்று இரண்டு மருந்துகள் கைக்கு வந்துவிட்டன. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானடோரியம் கட்ட இந்த நாட்டால் முடியாது. அப்படியானால் சானடோரியம் தேவைதானா?

சென்னையின் ஏழைக் குடும்பத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் படுக்கையில் இருந்தார்கள், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கிடைத்தது. இன்னொரு பகுதியினர் தங்கள் குடிசையிலேயே, நெரிசலிலேயே, வீட்டில் கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். ஆனால் சளியில் கிருமி நீங்கியதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு நம்ம மதராஸில் எடுத்த இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

இந்த ஆய்வை நான் பெருமையோடு சொல்வது, காற்று மருத்துவம் தோற்றுப் போனதற்காக இல்லை. அந்த மருத்துவத்தைப் பெரிதாக மதித்ததால்தான் அதற்கு ஒரு நேர்மையான தேர்வு வைத்தார்கள். பக்கத்தில் ஒப்பிட ஒரு அணி, இருவருக்கும் ஒரே அளவுகோல், வந்த முடிவை அப்படியே அச்சிடும் நேர்மை. ஒரு வைத்தியத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று நான் நம்புகிறேன். இன்று நான் சொல்ல வந்ததும் அதைத்தான்.

அந்த மையத்திலிருந்து இன்னொன்றும் வந்தது, மருந்து கொடுக்கிற எங்களுக்கு அது பாடம். வீட்டுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினால் எல்லோரும் சாப்பிடுவார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பலர் விட்டுவிட்டது தெரிந்தது. கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைக்கும் முறை அங்கிருந்து வளர்ந்து உலகத்துக்கே போனது. நான் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டைப்பெட்டி. முதல் தடவை வருகிறவருக்குச் சிவப்புப் பெட்டி. விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவருக்கு நீலப் பெட்டி. பெட்டிமேல் பேர் எழுதி வைத்துவிட்டால், அது அவருக்கே சொந்தம், வேறு யாருக்கும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. அலமாரியில் சிவப்பு வரிசையில் இருந்த ஒரு பேரை நீல வரிசைக்கு மாற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்கும்.

அப்படி மாற்றி எழுதிய பேர்களில் ஒன்று என் பெரியம்மாவுடையது. 2003 வாக்கில். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். இருமல் நின்றது, பசி எடுத்தது, தெம்பு வந்தது. அந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைப் பார்த்து, மாத்திரைச் சூடு உடம்பை உருக்குகிறது என்று பயந்துவிட்டார். யாரோ பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். "இப்ப நல்லாத்தானே இருக்கேன், அந்த இங்கிலீஷ் மருந்து எதுக்குடி?" என்றார். ஐந்து மாதம் கழித்துச் சளியில் ரத்தம். நீலப் பெட்டியில் மாத்திரையோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் இருந்தது. எட்டு மாதச் சிகிச்சையை முடித்தார், பிழைத்தார். ஆனால் அந்த ஊசி சிலருக்குக் காதைப் பாதிக்கும். அவருக்குப் பாதித்தது. கடைசிவரை அவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

பழியை அந்தப் பொடியின்மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது மாதத்தில் வரும் தெம்புதான் இந்த நோயில் ஆபத்தான இடம் என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வீட்டிலேயே மருந்தாளுநர் இருந்தும் நானும் சொல்லவில்லை. சிறுநீர் நிறம் மாறும், பயப்படாதீங்க என்ற ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும். அதற்கப்புறம் பெட்டியை எடுத்துக் கொடுக்கும் முன்னால் அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்ததே இல்லை.

"இயற்கையா ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்பவர்களுக்கு நான் ரிஃபாம்பிசின் கதையைச் சொல்வேன். 1957இல் பிரான்ஸின் தென்கரையில் ஒரு பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் எடுத்து, இத்தாலியில் மிலான் நகரத்து ஆய்வகம் ஒன்றில் சோதித்தார்கள். அந்த மண்ணில் வாழும் நுண்ணுயிர் சுரக்கிற பொருளிலிருந்து வந்ததுதான் ரிஃபாம்பிசின். ஸ்ட்ரெப்டோமைசினும் மண்ணிலிருந்துதான், 1943இல். ஐசோநியாசிட் ஆய்வகத்தில் பிறந்தது. 1912லேயே செய்து வைத்து, நாற்பது வருஷம் அதன் அருமை தெரியாமல் கிடந்தது. எது இயற்கை, எது செயற்கை என்ற கேள்வி நோயாளிக்கு உதவாது. எந்த மருந்து, எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதுதான் உதவும். 1947இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது முதலில் நோயாளிகள் தேறினார்கள், பிறகு கிருமி அதற்குப் பழகிவிட்டது. மண்ணிலிருந்து வந்த மருந்துதான், ஆனாலும் கிருமி அதையும் ஏய்த்தது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டது அந்த அடியில்தான்.

சரி, காற்றுக்கு வருவோம். சிகிச்சையாகக் காற்று வேண்டாம் என்று சேத்துப்பட்டு சொன்னது. பரவாமல் தடுக்கக் காற்று வேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டது பெரு நாட்டின் லிமா நகரத்தில். எஸ்கோம் என்பவரின் குழு எட்டு மருத்துவமனைகளில் அளந்து 2007இல் வெளியிட்டது. கதவு ஜன்னலைத் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 தடவை காற்று மாறியது. எந்திரம் வைத்துக் காற்றோட்டம் செய்த நவீன அறைகளில் 12 தடவை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்கள்தான் எல்லாவற்றிலும் முன்னால் நின்றன. சவுரிமுத்து மாதிரி ஆட்கள் கட்டிய கட்டடங்கள் அப்படிப்பட்டவைதாம். நோயைக் குணமாக்கும் என்று நம்பித் திறந்த ஜன்னல், அடுத்த படுக்கைக்காரரைக் காப்பாற்றும் ஜன்னல் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை நான் சிறுசேரியில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே சிப்காட் பூங்காவில் எழுந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஜன்னல் திறக்காது. அவற்றைக் கட்டியவர்கள் தங்கிய தகரக் கொட்டகைகளில் ஜன்னலே கிடையாது. ஒரு கொட்டகைக்குள் பத்துப் பேர் பாய் விரித்துப் படுப்பார்கள், கொசுவுக்குப் பயந்து கதவையும் சாத்துவார்கள். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை இப்படி எத்தனை கொட்டகைகளைப் பார்த்திருக்கிறேன். கொட்டகை போடும் ஒப்பந்தக்காரர் யாராவது இந்த அவையில் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்: தகரத்தில் எதிரெதிராக இரண்டு ஜன்னல் வெட்டி, கொசுவலை அடித்துக் கொடுங்கள். இந்த நோய்க்கு அதைவிட மலிவான இயற்கை வைத்தியம் எனக்குத் தெரியாது.

அடுத்தது சோறு. மதராஸ் ஆய்வில் சானடோரியச் சாப்பாட்டுக்காரர்களும் வீட்டுச் சாப்பாட்டுக்காரர்களும் ஒரே மாதிரி குணமானதைப் பார்த்த பலர், மருந்து போதும், சோறு முக்கியம் இல்லை என்று அதை வாசித்துவிட்டார்கள். பல பத்தாண்டுகளாக எங்கள் ஜன்னலில் மாத்திரை மட்டும்தான் இருந்தது. வெறும் வயிற்றில் அவ்வளவு மாத்திரையை விழுங்கி, வெளியே வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்த மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். சாப்பிட இருந்தால் அவர்களுக்கு இந்த நோய் ஏன் வருகிறது?

அந்தக் கேள்விக்கு 2023 ஆகஸ்டில் பதில் வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் நடத்திய ஆய்வு. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் கூட இருந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப்பொருள் கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். கூடவே சத்து மாத்திரை. வீட்டில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக் குடும்பங்களில் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மற்றவருக்குப் பரவக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடையில் ஐந்து சதவீதம் கூடிய நோயாளிகளுக்குச் சாவு வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும்தான் மருந்து! ஒரு தடுப்பூசி இந்தப் பலனைக் கொடுத்திருந்தால் நாடே கொண்டாடியிருக்கும்.

நம் மாநிலத்திலும் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. நோய் என்று தெரிந்த அன்றே ஆளின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். சானடோரியம் ஒரு வகையில் திரும்பி வந்திருக்கிறது, எல்லோருக்கும் இல்லை, வேண்டியவருக்கு. மத்திய அரசின் ஊட்டச்சத்துத் தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒத்துப்போகாத வெளிமாநிலத் தொழிலாளிக்கு அது நேரத்தில் வந்து சேர வைப்பது தனிப் பாடு.

இனி கஷாயம். நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பதும் இதைத்தான்.

என் பாட்டி வீட்டு வேலியில் ஆடாதோடை இருந்தது. ஆடு தொடாத இலை, அவ்வளவு கசப்பு. நாலைந்து இலையைக் கிள்ளி, மிளகு தட்டிப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கால் டம்ளராகும்வரை சுண்டக் காய்ச்சி, தேன் விட்டுக் கொடுப்பார். நெஞ்சில் கட்டிய சளி அறுத்துக்கொண்டு வரும். நான் மருந்தாளுநர் படிப்புக்குப் போனபோது, அந்த இலையின் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சினைச் செய்தார்கள், அதிலிருந்து அம்ப்ராக்சால் வந்தது என்று பாடத்தில் படித்தேன். அன்று எனக்குக் கண் கலங்கியது. முப்பத்தொரு வருஷம் நான் ஊற்றிக் கொடுத்த இருமல் மருந்துக்குப் பின்னால் அந்த வேலி இருந்தது. ஆனால் ஆடாதோடை சளியை இளக்கும். காசநோய்க் கிருமியை நோயாளியின் உடம்புக்குள் கொன்று குணமாக்கியதாக எந்தத் தேர்விலும் காட்டவில்லை. பாட்டியும் அப்படிச் சொன்னதில்லை. சளிக்கு என்றுதான் கொடுத்தார்.

சானடோரியம் வளாகத்துக்குப் பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். காலையில் போய்ப் பாருங்கள், சீட்டு வாங்க நிற்கும் வரிசையே ஒரு ஊர்க் கூட்டம். டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீர், கொரோனாவுக்குக் கபசுரக் குடிநீர் என்று வீதிவீதியாக ஊற்றியபோது இந்த நிறுவனத்தின் பெயர் வீட்டுக்கு வீடு போனது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, கபசுரத்தில் பதினைந்து. இவ்வளவு பேர் நம்பிக் குடிக்கிற ஒன்றுக்குச் சேத்துப்பட்டில் வைத்தது போன்ற ஒரு பெரிய தேர்வு வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது, அதன்மேல் சந்தேகத்தால் இல்லை.

தாம்பரத்தில் அப்படி ஒரு முயற்சி ஏற்கெனவே தொடங்கியது. 1990களில் எச்.ஐ.வி. நோயாளி என்றால் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அவர்களைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டது. அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ. நெ. தெய்வநாயகம் நவீன மருத்துவம் படித்த நெஞ்சக நிபுணர். எச்.ஐ.வி. மாத்திரைகள் ஏழைகள் கனவிலும் வாங்க முடியாத விலையில் இருந்த காலம். அவர் ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் கொடுத்துப் பார்த்தார். பசி எடுத்தது, எடை கூடியது என்று நோயாளிகள் சொன்னார்கள். கைவிடப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஏதோ ஒன்று இருந்ததே, அதற்காக அவரை நான் வணங்குகிறேன். ஆனால் அங்கே எடுத்த பதிவுகள் உலகத்தை ஒப்பவைக்கப் போதவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று அரசே கூட்டு மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மரணப் படுக்கையில் இருந்தவர்கள் அதற்கப்புறம் எழுந்து வேலைக்குப் போனார்கள். மாத்திரையோடு நெல்லிக்காய் லேகியமும் சேர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பார்களா? ஒப்பீட்டு அணி வைத்துப் பார்த்திருந்தால் இன்று நம்மிடம் பதில் இருந்திருக்கும்.

ஒரு மூலிகைக்கு உரிய மரியாதையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீன ஆய்வாளர் டு யூயூ சாட்சி. மலேரியா பழைய மருந்துகளுக்குப் பணியாமல் போன காலம். நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய வைத்தியக் குறிப்பில், ஒரு செடியைக் கொதிக்க வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைத்ததால்தான் மருந்து கெட்டது என்று அவருக்கு அங்கே பொறி தட்டியது. குறைந்த சூட்டில், ஈதரில் பிரித்தெடுத்தார். 1972இல் முதலில் தானே குடித்துப் பார்த்தார். 2015இல் நோபல் பரிசு. சுவடியை அவர் பூஜை அறையில் வைக்கவில்லை, வரி வரியாகப் படித்துச் சோதித்தார்.

நம் ஊரில் இதைச் செய்ய முடியாதா? நெஞ்சக மருத்துவமனையும் சித்த மருத்துவ நிறுவனமும் ஒரே ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்து போகும் தூரம். காசநோய் மாத்திரையை யாருக்கும் நிறுத்தக் கூடாது, அது கொலைக்குச் சமம். எல்லோருக்கும் மாத்திரை. பாதிப் பேருக்கு அதோடு கூட ஒரு சித்த மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறமும் சுவையும் உள்ள வெற்றுக் குடிநீர். இரண்டாம் மாதச் சளி, எடை, கல்லீரல் பரிசோதனை மூன்றையும் எழுதி வையுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் பாதியில் நிறுத்துகிறவர்கள் குறைந்தாலே அது பெரிய வெற்றி.

கல்லீரலைச் சொன்னேன். அதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலுக்குச் சுமை. அதன்மேல் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொட்டலப் பொடி இன்னொரு சுமை. நாம் சாதுவான கொடி என்று நினைக்கும் சீந்திலைப் பற்றியே 2021இல் மும்பை மருத்துவர்கள் கல்லீரல் பாதிப்பு என்று எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பாதரசம் சேர்ந்த மருந்துகளைச் சுத்தி முறை தெரிந்த, பட்டம் பெற்ற வைத்தியர் கையிலிருந்து தவிர வேறு யாரிடமும் வாங்காதீர்கள். கண் மஞ்சளானால், சோறு கண்டாலே குமட்டினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எதையெல்லாம் சாப்பிட்டீர்களோ அத்தனையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்து கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கஷாயம் சாப்பிடுகிறேன் என்று சொல்பவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டார், கஷாயத்தை நிறுத்தவும் மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒரு நாள் சுகாதார நிலையத்துக்குப் போய் உதவுகிறேன். போன வருஷம் இங்கே சிறுசேரிக் கொட்டகையிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். ஜார்க்கண்டுக்காரன், இருபத்திரண்டு வயது, சென்ட்ரிங் வேலை. முப்பத்தெட்டு கிலோ. மேஸ்திரி கொடுத்த ஏதோ எண்ணெயை நெஞ்சில் தேய்த்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறான். முதல் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். மாத்திரையோடு, பக்கத்துத் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் அரிசி, பருப்பு, வேர்க்கடலை, முட்டை கொடுத்தார்கள். பையன் கேட்டது ஒன்றே ஒன்று. அவன் ஊரில் தாத்தா ஒரு வேரைக் காய்ச்சித் தருவாராம், அதைக் குடிக்கலாமா என்று. மாத்திரை முடியட்டும்டா, ஊருக்குப் போகும்போது தாத்தாவிடம் அந்த வேரின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு வா என்றேன். சரி என்று தலையாட்டினான்.

இரண்டு மாதம் முடிந்த அன்று எடை பார்க்க ஏறினான். நாற்பத்தொன்றரை. முகம் மலர்ந்தது. உடனே கீழே இறங்கி, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அம்மா, ஃபிர் சே பாருங்க" என்று திரும்ப ஏறி நின்றான்.